தூக்கிச் செல்லும் கணிப்பொறி தந்த ஆடம் ஆஸ்போர்ன்

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி வணிகர் ஒருவருக்கு இடம் எதற்கு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் அவ்வணிகர் திருவண்ணாமலையில் ஓடியாடி வளர்ந்தவர், தமிழ் பேசத் தெரிந்தவர், கொடைக்கானலில் கண்மூடியவர். தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறியை முதன்முதலாகச் சந்தையில் வெற்றிபெறச் செய்தவரும் அவரே. எனினும் ஆடம் ஆஸ்போர்ன் என்னும் பெயர் இன்று வணிகவியல் வகுப்புகளில் ஒரு தவற்றின் பெயராகவே வழங்கி வருகிறது. அஃது அவருக்கு முழு நீதி ஆகாது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

1939 மார்ச் 6 ஆம் நாள் பாங்காக் நகரில் பிறந்தார் ஆஸ்போர்ன். தந்தையார் ஆர்தர், ஆங்கிலேயர். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். தாயார் லூசியா போலந்து நாட்டவர். இரமண மகரிஷியிடம் ஈடுபாடு கொண்ட அக்குடும்பம் 1941 இல் திருவண்ணாமலை வந்து சேர்ந்தது. மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டுப் பணிக்குத் திரும்பிய தந்தையார் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். போர் முடிந்த பின்னரே அவர் குடும்பத்தைக் கண்டார். தந்தை முகம் காணாது கழிந்த அவ்வாண்டுகளில் சிறுவனுக்குத் துணையாயிருந்தது தமிழ் மண். பின்னர்க் கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு. 1950 இல் இங்கிலாந்து வாழ்வு.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1961 இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் 1968 இல் முனைவரானார். கற்றதோ வேதிப்பொறியியல். ஷெல் எண்ணெய் நிறுவனத்திலும் பணியாற்றினார். ஆனால் அவர் உள்ளம் நாடியது எழுத்தை. கணிப்பொறிகளுக்கான கையேடுகளை எழுதும் தொழிலைத் தாமே தொடங்கினார். நுண்கணிப்பொறிகளுக்கு அறிமுகமாக அவர் எழுதிய நூல் கலிபோர்னியாவின் ஆர்வலர் சங்கக் கூட்டங்களில் கைக்குக் கை மாறியது. சில்லுகளை வாங்கி வீட்டு மேசையில் பற்றவைத்துக் கணிப்பொறி செய்துகொண்டிருந்த இளைஞர்களுக்கு அதுவே ஆசானாயிற்று. எளிய நடையில் விளக்கும் ஆற்றல் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது. தம் பதிப்பகத்தை 1979 இல் மெக்ரா-ஹில் நிறுவனத்திற்கு விற்றார். அப்பொருளைக் கொண்டு அவர் செய்யத் துணிந்ததே ஆஸ்போர்ன்-1.

லீ ஃபெல்சன்ஸ்டைன் வடிவமைத்த அப்பொறி 1981 ஏப்ரலில் மேற்குக் கடற்கரைக் கணிப்பொறிக் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. தையற்பொறிப் பெட்டி போன்ற தோற்றம். எடை ஏறத்தாழ 11 கிலோ. விமான இருக்கையின் அடியில் வைக்கலாம். Z80 என்னும் செயலி, 64 கிலோபைட் நினைவகம், இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகள், ஐந்தே அங்குலத் திரை. விலை 1,795 டாலர். சொற்செயலியும் கணக்கேடும் பேசிக் மொழியும் அவ்விலைக்குள்ளேயே அடக்கம்! மென்பொருளைத் தனியே விலைகொடுத்து வாங்குவதே அந்நாளைய வழக்கம். மிகச் சிறந்ததைச் செய்ய வேண்டுவதில்லை. பெரும்பாலோர்க்குப் போதுமானதைச் செய்தால் போதும் என்பதே ஆஸ்போர்னின் கொள்கை. விற்பனை பெருகியது.

அதே வேகத்தில் வீழ்ச்சியும் வந்தது. அடுத்த பொறி வரவிருப்பதை அவர் 1983 இல் முன்கூட்டியே அறிவித்துவிட்டதனால் வணிகர்கள் பழைய பொறியை வாங்காது நிறுத்தினர் என்றும், அதனாலேயே நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பர் 13 ஆம் நாள் திவாலாயிற்று என்றும் கூறுவர். 'ஆஸ்போர்ன் விளைவு' என்னும் தொடர் இதனின்று பிறந்தது. அறிவிப்பு அவசரமானதே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே விலையில் ஒன்பது அங்குலத் திரையுடன் கேப்ரோ என்னும் போட்டிப் பொறி 1982 இல் வந்துவிட்டது; ஐபிஎம் பொறியும் சந்தையைத் தன்வயப்படுத்திக்கொண்டிருந்தது. வாய் திறந்ததொன்றே குற்றம் என்பது கதைக்குச் சுவை சேர்க்கும், கணக்குக்குப் பொருந்தாது.

பின்னர் மலிவு விலை மென்பொருள் விற்க 1984 இல் அவர் நிறுவிய பேப்பர்பேக் நிறுவனமும் நிலைக்கவில்லை. தன் கணக்கேட்டு மென்பொருளின் அமைப்பைப் படியெடுத்ததாக லோட்டஸ் நிறுவனம் 1987 இல் வழக்குத் தொடுத்தது. 1990 இல் தீர்ப்பு ஆஸ்போர்னுக்கு எதிராயிற்று.

நிறுவனங்கள் மறைந்தன. பொறிகள் மறையவில்லை! பழங்கணிப்பொறிகளைச் செப்பனிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுக்கு ஆஸ்போர்ன்-1 விருப்பமான பெட்டி. காரணம், சுற்றுப்படங்கள் அடங்கிய தொழில்நுட்பக் கையேடு அதற்கு உண்டு. எந்தச் சில்லு எதற்கென்று தாள் பார்த்தே அறியலாம்.

இப்பணியில் பொறுமையே முதற்கருவி. பரணிலிருந்து இறக்கியவுடன் மின்சாரம் கொடுத்தல் கூடாது. மின்வழங்கியில் உள்ள பழைய மின்தேக்கிகள் வெடித்துப் புகை கக்கும். அவற்றை முதலில் மாற்றவேண்டும். திரைக்குழாயில் மின்சாரம் நிறுத்திய பின்னும் உயர் அழுத்த மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகாதவர் அதில் கைவைத்தல் ஆகாது. நெகிழ்வட்டின் காந்தப்பூச்சு உதிர்ந்து படிப்புமுனையில் ஒட்டிக்கொள்ளும். துடைத்துத் துடைத்துப் படிக்கவேண்டும். படித்தவுடன் முதல் வேலை, படியெடுத்து வைத்தல். ஓலைச்சுவடிகளைத் தூசு தட்டிப் படியெடுத்த நம் பெரியோரை நினைத்துக்கொண்டால் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எல்லாம் கூடிவந்தால் சிறு திரையில் ஏ என்னும் ஆங்கில எழுத்தும் அருகே ஓர் அம்புக்குறியும் தோன்றும். நிரல் எழுத இனி நம் முறை. ஒரு வரியில் 52 எழுத்துகளே கண்ணுக்குத் தெரியும். எஞ்சியதைக் காணத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்தவேண்டும். 64 கிலோபைட்டுக்குள் எண்ணத்தைச் சுருக்கி எழுதுவது குறள் வெண்பா இயற்றுவது போன்றதொரு பயிற்சி. Z80 செயலியின் மூல வடிவம் 1976 முதல் விற்கப்பட்டு வந்தது. 2024 இல் அதற்கான கடைசி ஆணைகள் பெறப்பட்டன. எனவே கைவசமுள்ள சில்லுகளை ஆர்வலர்கள் பொன்போற் போற்றுகின்றனர்.

ஆஸ்போர்ன் நலம் குன்றிய நிலையில் 1992 இல் இந்தியா திரும்பினார். தாம் சிறுவனாய்ப் பயின்ற கொடைக்கானலில், உடன்பிறந்தாளின் அரவணைப்பில் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 2003 மார்ச் 18 ஆம் நாள் தம் 64 ஆம் வயதில் உறக்கத்திலேயே உயிர்நீத்தார்.