சோடா கடை வருமானத்தில் பல் மருத்துவக் கல்லூரி
டாக்டர் ஆர். அகமது வாழ்க்கை வரலாறு

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி, சோடா விற்ற காசில் நடந்தது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கல்கத்தாவில் 1920-ம் ஆண்டு நடந்தது அதுதான்.

அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர் டாக்டர் ரபியுதீன் அகமது. பல் மருத்துவம் படிக்கும் மாணவர்களிடம் ஆர். அகமது என்று சொன்னால் உடனே தெரியும். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

நடைபாதை வைத்தியம்

அந்தக் காலத்தில் ஏழைக்குப் பல்வலி வந்தால் போக இடம் இல்லை. கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு ராத்திரியைக் கழிப்பார்கள். விடிந்ததும் சந்தையில் கடை விரித்திருப்பவரிடமோ, நாவிதரிடமோ போவார்கள். அவர் கையில் ஒரு குறடு இருக்கும். எந்தப் பல் என்று விரலால் காட்ட வேண்டியதுதான்.

பல் வந்துவிடும், வலியும் போய்விடும். ஆனால் சுத்தம் செய்யாத குறட்டால் சீழ் பிடித்து, தாடை வீங்கிப் படுத்தவர்களும் உண்டு. முறையாகப் படித்த பல் டாக்டர்கள் பெரிய நகரங்களில் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பணம் கொடுக்க வசதி வேண்டும்.

கல்கத்தாவிலும் சென்னையிலும் மருத்துவப் படிப்பு 1835-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1840-ல் பல்லுக்கென்றே ஒரு கல்லூரி திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் பல்லுக்கு மட்டும் ஆள் இல்லை. பல் விழுந்தால் போகட்டும், அதற்கு ஒரு படிப்பா என்ற நினைப்புதான் காரணம்.

அமெரிக்கப் பயணம்

அகமது 1890-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அது இன்று வங்காளதேசம். அலிகாரில் படித்து முடித்து, 1909-ல் அமெரிக்கா போனார். அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து 1915-ல் பட்டம் பெற்றார்.

அடுத்து பாஸ்டன் நகரில் பார்சித் பல் மருத்துவமனையில் வேலை. ஏழைக் குழந்தைகளின் பல்லைக் கவனிப்பதற்கென்றே 1914-ல் அங்கே திறக்கப்பட்ட மருத்துவமனை அது. விரும்பியிருந்தால் அவர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு நாடு திரும்பி, கல்கத்தாவில் மருத்துவமனை வைத்தார். ஓர் ஆண்டு கழிவதற்குள் கல்லூரி வேலையில் இறங்கிவிட்டார்.

கல்லூரிக்குப் பணம் வேண்டுமே? நியூயார்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் கல்கத்தாவில் ஒரு குளிர்பானக் கடை போட்டார். அந்த வருமானத்தில் கல்லூரி நடந்தது. இனிப்புத் தண்ணீர் பல்லைக் கெடுக்கும் என்று வகுப்பில் பாடம். அதே இனிப்புத் தண்ணீர் விற்ற காசில்தான் வகுப்பே! அவர் அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. வெட்கப்படவும் தேவையில்லை.

முதல் சில ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் மிகச் சிலரே. குறுகிய காலப் படிப்பாகத் தொடங்கி, போகப்போகப் படிப்பின் காலத்தை நீட்டினார்.

பிடுங்குவது கடைசி வேலை

1928-ல் மாணவர்களுக்காக ஒரு கைப்புத்தகம் எழுதினார். பல்லைக் குடைந்து, சுத்தம் செய்து, அடைத்துக் காப்பாற்றும் சிகிச்சையைப் பற்றிய புத்தகம் அது. குறட்டை நம்பியிருந்த நாட்டில் அது பெரிய காரியம்.

பல் எப்படிச் சொத்தையாகிறது? புழு விழுந்து அரிக்கிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில், பல்லில் ஒட்டிக்கிடக்கும் சர்க்கரையை வாயில் உள்ள கிருமிகள் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓடான எனாமலைக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு கிடையாது. ஆகவே தொடக்கத்தில் வலி தெரியாது. குழி உள்ளே இறங்கி நரம்பை எட்டும்போதுதான் உயிர் போகும். வலி வருமுன் வருகிறவருக்குச் சின்ன அடைப்போடு வேலை முடியும். வலி வந்தபின் வருகிறவருக்கு வேர் வரை சிகிச்சை, அல்லது குறடு.

ஈறு நோய் இதைவிட மோசம். பல்லின் அடியில் அழுக்குப் படிந்து காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கி, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. வலி இல்லையே என்று விட்டுவிட்டால், பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து, சொத்தை இல்லாத நல்ல பல்லும் ஆடி விழுந்துவிடும்.

புகையிலையை வாயில் அடக்கினாலும், மராட்டியத்தில் பெண்கள் பலர் பல்லில் தேய்க்கும் மிசேரி என்ற கருக்கிய புகையிலைத் தூளானாலும் ஆபத்து ஒன்றுதான். பாக்கு மெல்லுபவருக்குக் கன்னத்தின் உட்பக்கம் நார் போல இறுகி, வாய் திறக்க முடியாமல் போகிறது. ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இவையெல்லாம் புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். மராட்டியத்தில் 2012-ல் குட்காவைத் தடை செய்ததற்குக் காரணம் இதுவே. இதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர் பல் டாக்டர்தான்.

பம்பாய்க்கு வந்த மாணவி

கல்கத்தாவில் அகமதுவிடம் படித்தவர்களில் ஒருவர் பாத்திமா ஜின்னா, முகமது அலி ஜின்னாவின் தங்கை. படிப்பை முடித்து 1923-ல் பம்பாயில் அப்துல் ரகுமான் தெருவில் பல் மருத்துவமனை திறந்தார். கிராபர்டு மார்க்கெட் பக்கம் சரக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு அந்தத் தெரு தெரியும். ஒரு பெண் பல் டாக்டராகத் தொழில் நடத்துவது அந்நாளில் அதிசயம். 1929-ல் அண்ணன் மனைவி இறந்ததும் மருத்துவமனையை மூடிவிட்டு, அண்ணன் வீட்டைக் கவனிக்கப் போய்விட்டார்.

பம்பாய்க்கு நாயர் பல் மருத்துவக் கல்லூரி வந்தது 1933-ல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வந்தது 1953-ல்தான்.

சட்டம் வந்தது

கல்லூரி மட்டும் போதாது, யார் பல் டாக்டர் என்று சொல்ல ஒரு சட்டம் வேண்டும் என்று அகமது பாடுபட்டார். 1925-ல் பல் மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு வங்காளத்தில் சங்கமும் அமைத்தார். 1939-ல் வங்காளத்தில் சட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1948-ல் இந்தியா முழுவதற்கும் வந்தது. பட்டம் இல்லாவிட்டாலும், ஐந்தாண்டுக்குக் குறையாமல் இதையே பிழைப்பாக நடத்தியவர்களைத் தனிப் பட்டியலில் சேர்க்க அதில் இடம் இருந்தது. ஒரே நாளில் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. அது நியாயமான ஏற்பாடு.

நாடு பிரிந்தபோது அவர் பிறந்த மண் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அகமது கல்கத்தாவிலேயே இருந்தார். 1949-ல், சொந்தப் பணம் போட்டு 29 ஆண்டு வளர்த்த கல்லூரியை மேற்கு வங்காள அரசுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். பிள்ளையைப் போல் வளர்த்ததை ஒரு கையெழுத்தில் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? பின்னர் டாக்டர் பி.சி. ராய் மந்திரிசபையில் 1962 வரை மந்திரியாக இருந்தார். விவசாயம், கூட்டுறவு, அகதிகள் மறுவாழ்வு போன்ற இலாகாக்களைக் கவனித்தார்.

1964-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1965-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி காலமானார்.

பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே சிகிச்சை செய்கிறார்கள். வெளியே ஆவதைவிடச் செலவு மிகக் குறைவு. மாணவர்தானே என்று பயப்பட வேண்டியதில்லை. நேரம்தான் கொஞ்சம் கூடுதலாக ஆகும். நாயர் கல்லூரிக்கு மாட்டுங்கா ரோட்டில் ரயில் ஏறி மும்பை சென்ட்ரலில் இறங்க வேண்டும். தாராவிக்காரர்கள் சயானிலும், செம்பூர்க்காரர்கள் ஆர்பர் லைனிலும் ஏறினால் சி.எஸ்.எம்.டி. அருகே, செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கல்கத்தாவில் சியால்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மௌலாலியில் அகமதுவின் கல்லூரி இன்றும் நடக்கிறது. அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த டிசம்பர் 24-ந் தேதி, தேசிய பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.