ராஜாக்களுக்காக ஒரு கார்... வாங்க ஒரு ராஜாகூட வரலை! - எட்டோரே புகாட்டியின் கதை

ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ணும்போது ஒரு புகாட்டியாவது உங்க கண்ணில் பட்டிருக்கும். துபாய் சிக்னலில் ஒரு வேரான் நிற்கும். சுற்றிலும் செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம். பின்னணியில் ஒரு மாஸ் பி.ஜி.எம். 1,001 குதிரைத்திறன், உலகத்துக்கே மொத்தம் 450 கார்கள். இதில் எந்த நம்பர் உங்களுக்குக் கிக் கொடுக்குதுனு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. எனக்கு ரெண்டாவதுதான். வேகம் வேற காரிலும் கிடைக்கும். ஆனா, நம்ம கையில் இருப்பது இன்னொருத்தர் கையில் இல்லைங்கிற அந்த ஃபீல் இருக்கே...

அந்த ஃபீலை மத்த எல்லாரையும்விட ஆழமா நம்பினவர், காரின் முகப்பில் இருக்கும் சிவப்பு ஓவலுக்குள் பெயராக இருக்கிறாரே, அவர்தான். எட்டோரே புகாட்டி. வேரான் வருவதற்கு 58 வருஷம் முன்னாடியே இறந்துட்டார். யாருக்கு விற்கலாம் என்பதைவிட யாருக்கு விற்கக் கூடாது என்பதில் அதிக அக்கறை காட்டியவர் என்று பெயர் எடுத்தவர். அதுக்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சநஞ்சமில்லை.

1881-ல் இத்தாலியின் மிலன் நகரில் பிறந்தார் எட்டோரே. அப்பா கார்லோ, ஃபர்னிச்சர் டிசைனர். டிசைனர்னா சும்மா இல்லை. நாற்காலியையே சிற்பம் மாதிரி செதுக்குறவர். வீட்டில் எல்லாருக்கும் கலைதான் மூச்சு. எட்டோரேவும் ஓவியம், சிற்பம் எல்லாம் படிக்கப் போனார். ஆனா தம்பி ரெம்ப்ராண்ட் களிமண்ணைக் கையில் எடுத்தால் யானையும் சிறுத்தையும் உயிரோடு எழுந்து வரும். தம்பி அளவுக்குத் தன்னால் வர முடியாதுனு புரிஞ்சதாலதான் அண்ணன் இன்ஜின் பக்கம் போனார்னு சொல்வாங்க. இந்தத் தம்பியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

இன்ஜினீயரிங் பட்டமெல்லாம் எட்டோரேவுக்கு இல்லை. 17 வயசு வாக்கில் ஒரு சைக்கிள் கம்பெனியில் வேலை கத்துக்கப் போனவர், மோட்டார் வெச்ச மூணு சக்கர வண்டியைக் கட்டி ரேஸுக்குப் போனார். 1901-ல் அவர் சொந்தமா கட்டிய ஒரு கார் மிலன் கண்காட்சிக்கு வந்தது. அதைப் பார்த்துட்டு டி டீட்ரிஷ் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டப்ப அவருக்கு 21 வயசுகூட ஆகலை. மைனர் என்பதால் ஒப்பந்தத்தில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார்!

அங்கே இங்கே வேலை பார்த்துட்டு, 1909 கடைசியில் மோல்ஷைம் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தார். பிரான்ஸ் - ஜெர்மனி எல்லையில் இருக்கிற அல்சாஸ் பகுதி அது. அன்னிக்கு ஜெர்மனி கையில் இருந்தது. முதல் உலகப்போருக்கு அப்புறம் பிரான்ஸுக்கு வந்தது. ஒரு பழைய சாயத் தொழிற்சாலையைப் பிடிச்சு, அதில் கார் கட்ட ஆரம்பிச்சார். இத்தாலியில் பிறந்தவர், ஜெர்மன் மண்ணில் தொடங்கி, பிரெஞ்சு கார் கம்பெனி முதலாளியா ஆன கதை இதுதான்.

1924-ல் லியோன் ரேஸில் அறிமுகமான டைப் 35-தான் அவரை ஸ்டார் ஆக்கியது. சின்ன உடம்பு, குதிரை லாடம் மாதிரி ரேடியேட்டர், அலாய் வீல். சிசிலித் தீவின் மலைப் பாதையில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ ரேஸை 1925-லிருந்து 1929 வரை தொடர்ந்து அஞ்சு வருஷம் ஜெயிச்சது புகாட்டிதான். 1929-ல் மொனாக்கோவில் நடந்த முதல் கிராண்ட் ப்ரீயும் இதே டைப் 35 குடும்பத்துக்குத்தான். காசு இருக்கிற யாரும் ரேஸ் ஜெயிச்ச அதே காரை வாங்கி ஓட்டலாம் என்பதுதான் அன்னிக்கு ஹைலைட்.

காசு இருக்கிற யாரும்? அங்கேதான் சிக்கல்.

மோல்ஷைமில் எட்டோரே ஒரு முதலாளி மாதிரி வாழலை, குட்டி ராஜா மாதிரி வாழ்ந்தார். தலையில் வட்டத் தொப்பி, லாயத்தில் உயர்ஜாதிக் குதிரைகள், தொழிற்சாலைக்குள் சுற்றிவர சைக்கிள். கார் வாங்க வர்றவங்க தங்குவதற்குத் தொழிற்சாலை பக்கத்திலேயே ஒரு விடுதி. அங்கே போனால் ஷோரூமில் நிற்கிற கஸ்டமர் இல்லை நீங்க, அவர் வீட்டு விருந்தாளி. ஒருமுறை, குளிர்காலத்தில் கார் சீக்கிரம் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுனு ஒருத்தர் புகார் சொன்னாராம். சூடாக்கப்பட்ட கராஜ் கட்டிக்க வசதி இல்லாதவர் ஏன் என் காரை வாங்கணும்ங்கிற மாதிரி பதில் போச்சாம். நிஜமா நடந்ததோ, கட்டிவிட்ட கதையோ, கேட்ட யாரும் இது எட்டோரே இல்லைனு சொல்லலை. இன்னிக்குச் சில கம்பெனிகள் லிமிடெட் எடிஷன் காரை, தாங்களே தேர்ந்தெடுத்த பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுக்கிறாங்களே, அந்த மனநிலைக்கு ஒரு தாத்தா இருந்தா அது இவர்தான்.

அந்த மனநிலையின் உச்சம், டைப் 41. செல்லப்பெயர் 'ராயல்'. 1926-ல் முதல் மாதிரி தயார். உலகத்தின் ராஜாக்களுக்கு மட்டுமான கார் என்பது ஐடியா. 25 கார்கள் கட்டுவதாகத் திட்டம். சைஸ் எப்படினு கேட்கறீங்களா? ரெண்டு நானோ காரை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நிறுத்துங்க. அதைவிடக் கொஞ்சம் நீளம். இன்ஜின் 12.7 லிட்டர். நம்ம தெருவில் ஓடுற 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்குகள் பத்தின் இன்ஜினை ஒண்ணா சேர்த்தாலும் இதைத் தொடாது. விலையில் ரோல்ஸ் ராய்ஸை எல்லாம் தாண்டியது. அதுவும் சேஸிக்கு மட்டும். பாடி கட்ட தனிக் காசு.

ரேடியேட்டர் மேலே, தும்பிக்கையைத் தூக்கிப் பின்னங்காலில் நிற்கும் ஒரு வெள்ளி யானை. சொன்னேன்ல, தம்பி திரும்ப வருவார்னு... அது ரெம்ப்ராண்டின் சிற்பத்திலிருந்து எடுத்தது. ஆன்ட்வெர்ப் மிருகக்காட்சிச் சாலையில் நாள்கணக்கில் உட்கார்ந்து மிருகங்களைச் செதுக்கிய அந்த மனிதர், போர்க்காலத்தில் அந்த மிருகங்கள் கொல்லப்பட்டதையும் பார்த்தார். 1916 ஜனவரியில் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். வயசு 31. பத்து வருஷம் கழிச்சு, தன் மிகப்பெரிய கனவின் நெத்தியில் அண்ணன் அவர் யானையைத்தான் வெச்சார்.

சரி, ராஜாக்கள் வந்தாங்களா? 1929-ல் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. உலகமே பணமில்லாமல் தவிக்க ஆரம்பிச்சது. ஸ்பெயின் ராஜாவுக்கு ஒரு ராயல் போகும்னு பேச்சு இருந்தது. 1931-ல் அவர் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதாயிடுச்சு. அல்பேனியா ராஜா ஸோக் வாங்க வந்தப்ப, சாப்பாட்டு மேசையில் அவர் சாப்பிட்ட விதம் பிடிக்காமல் எட்டோரே விற்க மறுத்துட்டார்னு ஒரு கதை கார் உலகத்தில் ரொம்ப ஃபேமஸ். உண்மையா இருந்தா, வாசல் வரை வந்த ஒரே ராஜாவையும் திருப்பி அனுப்பினார்னு அர்த்தம்.

கடைசியில் கட்டியது ஆறு கார்கள். விற்றது மூணு. முதல் காரை வாங்கினவர், ரெடிமேட் துணி வியாபாரத்தில் சம்பாதிச்ச அர்மான் எஸ்டேர்ஸ். ராத்திரியில் ஓட்டப்போறதில்லைனு ஹெட்லைட்டே வேண்டாம்னு சொல்லிட்டார். எட்டோரேவின் மகன் ஜான், ஹெட்லைட் இல்லாமலே அதை ஒரு அழகியாக டிசைன் பண்ணினார். இரண்டாவது, ஜெர்மனியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் யோசஃப் ஃபுக்ஸ். மூணாவது, ஒரு ஆங்கிலேயக் கேப்டன். துணிக்கடைக்காரர், பிரசவம் பார்க்கிற டாக்டர், ஒரு கேப்டன். ராஜா லிஸ்ட் ஓவர்.

இப்ப ஒரு நிமிஷம் எட்டோரே இடத்தில் உட்கார்ந்து பாருங்க. வாங்க ஆள் இல்லாத காருக்காக உருவாக்கிய பிரமாண்ட இன்ஜின் கையில். சம்பளம் கொடுக்க வேண்டிய நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் எதிரில். என்ன செய்வீங்க?

அவர் ரயில் கட்டினார்!

பிரெஞ்சு ரயில்வேக்கு அப்ப வேகமான, நீராவி இல்லாத ரயில் பெட்டிகள் தேவைப்பட்டன. ராயலுக்காகச் செய்த அதே இன்ஜின் நாலை ஒரே பெட்டியில் மாட்டினார்கள், மொத்தம் 800 குதிரைத்திறன். காற்றைக் கிழிக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் சரிவான மூக்கு. டிரைவருக்கு நடுவில் கூரைக்கு மேலே துருத்திக்கிட்டு இருக்கும் ஒரு கேபின். 1933-ல் பாரிஸிலிருந்து டோவில் கடற்கரைக்கு ஓட ஆரம்பிச்சது. சோதனை ஓட்டத்தில் மணிக்கு 190 கி.மீ-யைத் தாண்டியது. 1930-களில்! அடுத்தடுத்து ஆர்டர் வந்து, மொத்தம் 88 பெட்டிகள் கட்டினார்கள். மோல்ஷைமில் அடுப்பு எரிஞ்சது அதனாலதான்.

டோவில், வசதியானவங்க ஜாலியா போற ஊர்தான், ஒத்துக்கறேன். ஆனாலும் ரயில் டிக்கெட் வாங்க டேபிள் மேனர்ஸ் தேவையில்லை. சூடான கராஜ் தேவையில்லை. மூணே பேர் காசு கொடுத்து வாங்கிய இன்ஜின், டிக்கெட் எடுத்த எல்லாரையும் சுமந்துக்கிட்டு ஓடியது. இதில் எட்டோரேவுக்குப் பெருமையா, வருத்தமா? எனக்கென்னவோ அவர் ரெண்டையும் வெளிக்காட்டியிருக்க மாட்டார்னுதான் தோணுது.

ஆனா அடுத்த அடி அவரை நிஜமாவே சாய்ச்சது. 1936-ல் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம். மோல்ஷைமிலும். தன் ஆட்களைக் குடும்பம் மாதிரி பார்த்துக்கிட்டதா நம்பினவர் அவர். குடும்பத் தலைவர்கிட்ட யாரும் சங்கம் வெச்சுப் பேச மாட்டாங்கனு நினைச்சிருப்பார் போல. மனசு உடைஞ்சு பாரிஸ் போயிட்டார். தொழிற்சாலையை ஜான் பார்த்துக்கிட்டார். யாரை உள்ளே விடலாம்னு வாழ்நாள் எல்லாம் முடிவு பண்ணினவருக்கு, சொந்தத் தொழிற்சாலையே அந்நியமா போச்சு.

ஜான் அப்பாவைவிடக் கெட்டிக்காரர்னு சொல்றவங்களும் உண்டு. டைப் 57 அவர் கைவண்ணம். அதில் அட்லான்டிக் மாடல் நாலே நாலுதான். ஒண்ணு இன்னிக்கு வரை எங்கே இருக்குனு தெரியாது. 1937, 1939 லெ மான் 24 மணி நேர ரேஸிலும் புகாட்டி ஜெயிச்சது. 1939-ல் ஜெயிச்ச ரெண்டு டிரைவர்களில் ஒருத்தர் பெயர் பியேர் வேரான். ஆமா, அந்த வேரான்தான்.

அந்த வெற்றிக்கு ரெண்டு மாசம்கூட ஆகலை. ஆகஸ்ட் 11. லெ மானில் ஜெயிச்ச அதே காரை மோல்ஷைம் பக்கத்து ரோட்டில் ஜான் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தார். குறுக்கே ஒரு சைக்கிள்காரர் வந்தார். அவர் மேல மோதாமல் திருப்பிய கார், மரத்தில் மோதியது. ஜானுக்கு 30 வயசு.

மூணு வாரத்தில் இரண்டாம் உலகப்போர். ஜெர்மானியர்கள் வந்து தொழிற்சாலையைக் கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள். போர் முடிஞ்சதும் பிரெஞ்சு அரசு, எதிரிக்கு விற்ற சொத்துனு சொல்லி அதை எடுத்துக்கிட்டது. எட்டோரே கோர்ட்டுக்கு அலைஞ்சார். 1947-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தப்ப, அவர் நோயில் விழுந்து கிடந்தார். அந்த ஆகஸ்ட் 21-ல் இறந்தார்.

ராயல்கள் என்ன ஆச்சுனு சொல்லாமல் முடிச்சா நீங்க விட மாட்டீங்க. விற்காத மூணையும் போரின்போது சுவர் எழுப்பி மறைச்சு வெச்சதா சொல்வாங்க. டாக்டர் ஃபுக்ஸின் கார் அவரோடு ஷாங்காய் போய், அங்கிருந்து நியூயார்க் வந்து, குளிரில் இன்ஜின் பிளாக் வெடிச்சு, கடைசியில் பழைய இரும்புக் கடையில் நின்றது. ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினீயர் கண்ணில் பட்டதால் தப்பிச்சு, இப்ப அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இருக்கு. விற்காமல் இருந்த இன்னொரு ராயல் 1987-ல் லண்டன் ஏலத்தில் 55 லட்சம் பவுண்டுக்குப் போனது.

மீதிக் கதை மோல்ஷைமிலிருந்து சுமார் 100 கி.மீ தொலைவில் இருக்கும் மூலூஸ் நகரத்தில். அங்கே ஷ்லும்ஃப் சகோதரர்கள்னு ரெண்டு மில் முதலாளிகள். நூறுக்கும் மேற்பட்ட புகாட்டிகளோடு, 400-க்கும் அதிகமான கார்களை யாருக்கும் காட்டாமல் ஒரு மில்லுக்குள் பூட்டி வெச்சிருந்தாங்க. 1970-களில் மில்கள் மூழ்கின. முதலாளிகள் சுவிட்சர்லாந்துக்கு ஓடிட்டாங்க. வேலை போன தொழிலாளர்கள் கதவைத் திறந்து உள்ளே போனப்பதான், தங்கள் உழைப்பு எங்கே போச்சுனு தெரிஞ்சது. ரெண்டு வருஷம் அந்த இடத்தைத் தங்கள் கையில் வெச்சுக்கிட்டு, ஊர் மக்களை உள்ளே விட்டுக் காட்டினாங்க.

இப்ப அது தேசிய ஆட்டோமொபைல் மியூசியம். டிக்கெட் எடுத்தா யார் வேணும்னாலும் போகலாம். ரெண்டு ஒரிஜினல் ராயல்கள் நிற்குது, ரேடியேட்டர் மேல தம்பியின் யானையோடு. பக்கத்தில் எஸ்டேர்ஸ் வாங்கிய காரின் மறு உருவாக்கமும் இருக்கு. அதுக்கு இப்பவும் ஹெட்லைட் கிடையாது.