அடால்ஃப் கெக்ரெஸ்

அடால்ஃப் கெக்ரெஸ் (ஜூன் 20, 1879 - பெப்ரவரி 9, 1943) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளர் ஆவார். பின்சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டை பூட்டப்பட்ட அரைப்பட்டை ஊர்தியை உருவாக்கியவராக அறியப்படுகிறார். மோட்டார் வண்டியைப் பனியில் ஓடச் செய்த இப்பட்டையே, எஞ்சியுள்ள அவ்வண்டிகளைக் காப்பதில் பெரிய இடர்ப்பாடாகவும் உள்ளது.

உருசியாவில்

கெக்ரெஸ் பிரான்சின் கிழக்குப் பகுதியிலுள்ள எரிக்கூர் என்னும் ஊரில் பிறந்தார். 1905 இல் உருசியா சென்ற அவர், பின்னர் பேரரசர் இரண்டாம் நிக்கலாசின் மோட்டார் வண்டிக் கொட்டிலில் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார். குளிர்காலத்தில் பேரரசரின் விலையுயர்ந்த வண்டிகள் பனியில் புதைந்து பயனற்றுக் கிடந்தன. இதற்குத் தீர்வாக, பின்புறத்தில் பட்டையையும் முன்புறத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் பொருத்தினார். 1917 புரட்சிக்குப் பின் அவர் நாடு திரும்பினார்; அவரது கண்டுபிடிப்பு அங்கேயே தங்கிவிட்டது. பேரரசருக்காக உருவான அமைப்பு லெனினின் ரோல்ஸ் ராய்ஸ் வண்டியிலும் பொருத்தப்பட்டது. அவ்வண்டி மாஸ்கோவிற்கு அருகிலுள்ள கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

பட்டையின் அமைப்பு

அக்காலத்து உழவு இயந்திரங்களிலும் பீரங்கி வண்டிகளிலும் இருந்தவை எஃகுக் கண்ணிகளாலான தொடர்கள். அவை கனமானவை, வேகமாக ஓட இயலாதவை. கெக்ரெசின் பட்டை ரப்பரும் துணியும் சேர்ந்த, இடைமுறிவற்ற ஒரே வளையம். சிறு உருளைகள் பல அதனைத் தரையில் அழுத்துவதால் வண்டியின் எடை பரவலாகிறது. பனியிலும் மணலிலும் வண்டி புதைவதில்லை.

ஆனால் எஃகுத் தொடரில் ஒரு கண்ணி உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். ரப்பர்ப் பட்டை கிழிந்தால் முழு வளையத்தையுமே மாற்ற வேண்டும். தொடக்ககால வண்டிகளில் பட்டை உராய்வினால் மட்டுமே இழுக்கப்பட்டதால், ஈரமும் சேறும் புகுந்தால் வழுக்கியது. பிற்கால வகைகளில் பற்கள் கொண்ட சக்கரம் இக்குறையை நீக்கியது.

சித்ரோன் நிறுவனத்தில்

பிரான்சு திரும்பிய கெக்ரெசின் அமைப்பை ஆந்திரே சித்ரோன் ஏற்றுக்கொண்டார். டிசம்பர் 17, 1922 இல் துக்கூர்த் நகரிலிருந்து புறப்பட்ட ஐந்து வண்டிகள் சகாராவைக் கடந்து ஜனவரி 7, 1923 இல் திம்புக்டு சென்றடைந்தன. பனிக்காகப் பிறந்த வண்டி பாலைவனத்தில் புகழ்பெற்றது வியப்புக்குரியதே. 1924-25 இல் இவ்வகை வண்டிகள் ஆப்பிரிக்காவின் குறுக்கே மடகாசுகர் வரை சென்றன.

இமயமலைப் பயணம்

1931 ஏப்ரலில் பெய்ரூத்தில் தொடங்கிய ஆசியப் பயணத்தின் ஒரு பிரிவு, ஜார்ஜ் மரி ஆர்ட் தலைமையில் சிறிநகர் வந்தடைந்தது. அங்கிருந்து கில்கித் வரை கோவேறு கழுதைகளுக்கென்றே அமைந்த பாதையில் இரண்டு வண்டிகள் மட்டும் செலுத்தப்பட்டன. அவை 4,000 மீட்டருக்கும் உயரமான புர்சில் கணவாயைப் பனியினூடே கடந்தன. பாதை சரிந்திருந்த இடத்தில் வண்டிகளைக் கழற்றி, பாகம் பாகமாகச் சுமையாட்கள் தூக்கிச் சென்ற பின் மீண்டும் பூட்டினர். கில்கித்திற்கு அப்பால் குழுவினர் குதிரைகளிலேயே சென்றனர். இப்பயணத்தின் வெற்றியில் வண்டிக்கும் பொறிவினைஞர்களுக்கும் உள்ள பங்கைவிடப் பெயரறியாச் சுமையாட்களின் பங்கு குறைந்ததன்று.

1934 ஆகஸ்டில் அண்டார்க்டிக்காவில் தனித்து நோயுற்றிருந்த ரிச்சர்டு பெர்டை மீட்புக் குழு சென்றடைந்ததும் சித்ரோன் வண்டியிலேயே.

பிற்காலம்

அமெரிக்கப் படை 1931 இல் வாங்கிப் பார்த்த கெக்ரெஸ் வண்டியின் வழியில் உருவானவையே இரண்டாம் உலகப்போரின் எம்2, எம்3 ஊர்திகள். இறுதிக்காலத்தில் கெக்ரெஸ் இரட்டைக் கிளட்ச் கொண்ட கியர் பெட்டியை உருவாக்குவதில் ஈடுபட்டார். பாரிசுக்கு அருகில் குருவாசி என்னும் ஊரில் காலமானார்.

எஞ்சிய வண்டிகளும் உதிரிப்பாகங்களும்

இயந்திரத்திற்கும் முன் அச்சுக்கும் வேண்டிய பாகங்களை அக்காலத்துச் சித்ரோன் கார்களிலிருந்து ஓரளவு பெறலாம். பட்டைக்கு அவ்வழியில்லை. பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய பட்டையும் உதவாது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகி வெடிக்கிறது, உள்ளிருக்கும் துணி மட்குகிறது. எனவே புதிய அச்சு செய்து பட்டையை வார்க்க வேண்டும். ஓரிரு வண்டிகளுக்காக அச்சு செய்வது பெருஞ்செலவாகும் என்பதால், அருங்காட்சியகங்களில் உள்ள பல வண்டிகள் ஓடாமலேயே நிற்கின்றன.

சகாராவைக் கடந்த பொன்வண்டு என்னும் வண்டியை 2010களின் இறுதியில் பிரெஞ்சுப் பொறியியல் மாணவர்கள் மீண்டும் உருவாக்கினர். பழைய வரைபடங்கள் கிடைக்காமையால், பாதுகாக்கப்பட்டிருந்த அசல் வண்டியையே முப்பரிமாண முறையில் அளந்து பாகங்களைச் செய்தனர்.