துப்பாக்கியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தவர்!



முதலாமாண்டு சேர்க்கை அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. என்னப்பா இது என்று கேட்டேன். அவங்க அப்பா மிலிட்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவராம். முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்குதாம். சண்டைக்குப் போறதுக்கும் படிப்புக்கும் என்னடா சம்பந்தம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒருநாள் மெட்கர் எவர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத் தலைவரின் வாழ்க்கையைப் படித்தேன். அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, அவர் கதை மனதை விட்டுப் போகவே இல்லை. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மெட்கர் எவர்ஸ் 1925 ஜூலை 2 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் டெகாட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். அம்மா மற்றவர்கள் வீட்டுத் துணிகளைத் துவைத்துக் கொடுத்தார். கொஞ்சம் நிலமும் இருந்தது. அந்த ஊரில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. மெட்கர் பல மைல் தூரம் நடந்துதான் படிக்கப் போனார். சிறு வயதிலேயே, அப்பாவின் நண்பர் ஒருவரை வெறிபிடித்த கூட்டம் அடித்துக் கொன்ற கொடுமையை அறிந்தவர் அவர். கேட்க நாதி இல்லை!

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1943-ல் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கேயும் கறுப்பர்களுக்குத் தனிப் படைப்பிரிவுதான். பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரையில், போர்முனைக்கு வேண்டிய சரக்குகளைக் கப்பலிலிருந்து இறக்கும் பிரிவில் பணியாற்றினார். 1946-ல் ஊர் திரும்பினார்.

அந்த 1946 ஜூலை 2 அவருடைய 21-வது பிறந்தநாள். அன்று தேர்தல். மெட்கரும் அவருடைய அண்ணன் சார்லஸும் சில நண்பர்களோடு ஓட்டுப்போடப் போனார்கள். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் வழிமறித்து நின்றது. ஓட்டுப் போடாமலே திரும்பி வந்தார்கள். அடுத்த நாட்டு மக்களின் சுதந்திரத்துக்காகக் கடல் தாண்டிப் போனவருக்குச் சொந்த ஊரில் ஒரு ஓட்டுக்கு வழியில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது நண்பர்களே?

இந்த நேரத்தில்தான் அவருக்கு ஒரு கதவு திறந்தது. அதன் பெயர் ஜி.ஐ. பில். முதல் உலகப்போரில் சண்டையிட்ட வீரர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய ஊக்கத்தொகையைக் கேட்டு 1932-ல் வாஷிங்டனில் முகாமிட்டார்கள். அவர்களை அரசாங்கம் ராணுவத்தை வைத்தே விரட்டியது. அந்த அவமானம் மறுபடி வரக்கூடாது, லட்சக்கணக்கான வீரர்கள் திரும்பி வந்து வேலையில்லாமல் தெருவில் நிற்கக்கூடாது என்ற கவலையில் பிறந்த சட்டம் இது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22-ல் கையெழுத்திட்டார். கல்லூரிக் கட்டணம், புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 500 டாலர் வரை அரசாங்கமே கட்டும். சாப்பாட்டுச் செலவுக்குத் தொடக்கத்தில் மாதம் 50 டாலர், குடும்பம் உள்ளவருக்கு 75 டாலர். ஏறத்தாழ 22 லட்சம் பேர் இதை வைத்துக் கல்லூரியில் படித்தார்கள். இன்னும் பல லட்சம் பேர் நம்மைப் போலத் தொழிற்பயிற்சி பெற்றார்கள்.

சட்டப் புத்தகத்தில் நிறபேதம் எழுதப்படவில்லை. ஆனால் நடைமுறை வேறு. பணம் இருந்தும் மிசிசிப்பியின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பு வீரர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. பீஸ் கட்ட அரசாங்கம் தயார், உள்ளே விடத்தான் ஆள் இல்லை! ஆகவே எவர்ஸ், கறுப்பின மாணவர்களுக்காக 1871-ல் தொடங்கப்பட்ட ஆல்கார்ன் கல்லூரிக்குப் போனார். விட்டுப்போன பள்ளிப்படிப்பை முதலில் முடித்தார். 1948-ல் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். தன்னைவிட வயதில் சிறியவர்களோடு பெஞ்சில் உட்கார அவர் வெட்கப்படவில்லை.

கிடைத்த வாய்ப்பை அவர் எப்படிப் பயன்படுத்தினார் தெரியுமா? கால்பந்து, ஓட்டப்பந்தயம், பேச்சுப்போட்டி, பாட்டுக்குழு என்று எதையும் விடவில்லை. கல்லூரிப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். 1951-ல் கல்லூரி ஆண்டு மலருக்கும் அவரே ஆசிரியர். ஆமாம் நண்பர்களே, நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது போன்ற மலர்தான்! அங்கே படிக்க வந்த மிர்லி என்ற மாணவியை 1951 டிசம்பர் 24-ல் மணந்தார். 1952-ல் பட்டம் பெற்றார்.

பட்டம் வாங்கியதும் இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்ட் வேலை கிடைத்தது. சம்பளம், குடும்பம் என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் பாலிசி விற்பதற்காகப் பருத்திக்காட்டுக் குடிசைகளுக்குள் போனவர் அங்கே கண்ட வறுமை அவரைத் தூங்கவிடவில்லை. 1954-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். சிபாரிசுக் கடிதம் சரியில்லை என்று சாக்குச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு கறுப்பின மக்கள் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் முதல் மிசிசிப்பி களச் செயலாளர் ஆனார். 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது, வயல் கூலியாள் போல வேடமிட்டுப் போய்ச் சாட்சிகளைத் தேடினார்.

தனக்கு மூடப்பட்ட அதே பல்கலைக்கழகத்தில் நுழைய, விமானப்படையில் பணியாற்றித் திரும்பிய ஜேம்ஸ் மெரிடித் முயன்றபோது எவர்ஸ் தோள் கொடுத்தார். பெரும் கலவரத்தில் இரண்டு உயிர்கள் போயின. ஆனாலும் 1962 அக்டோபர் 1-ல் மெரிடித் அங்கே மாணவர் ஆனார். எவர்ஸுக்குக் கிடைக்காத இடம் இன்னொரு பட்டாளத்துக்காரருக்குக் கிடைத்தது!

பகைவர்கள் சும்மா இருப்பார்களா? 1963 மே மாதம் வீட்டின் கார் ஷெட்டில் தீக்குண்டு வீசினார்கள். ஜூன் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். கூட்டம் முடித்து ஜாக்சன் நகரிலுள்ள வீட்டுக்கு வந்து காரை விட்டு இறங்கியவரை ஒருவன் மறைந்திருந்து முதுகில் சுட்டான். உள்ளே மனைவியும் மூன்று பிள்ளைகளும் அப்பாவுக்காக விழித்துக் காத்திருந்தார்கள். வயது 37 மட்டுமே. போர்வீரர் என்பதால் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது ஓட்டுரிமைக்கு அலைக்கழித்த நாடு, இறந்த பிறகு வணக்கம் செலுத்தியது.

1964-ல் இரண்டு முறை விசாரணை நடந்தது. இரண்டு முறையும் வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரிகள் ஒருமுடிவுக்கு வரவில்லை. மிர்லி விடவில்லை. கடைசியில் 1994-ல் கொலையாளி பைரன் டி லா பெக்வித்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 31 ஆண்டுகள்! இன்னொரு செய்தி. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தான நாள் 1964 ஜூலை 2. எவர்ஸ் இருந்திருந்தால் அன்று அவருக்கு 39-வது பிறந்தநாள்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1970-ல் அவர் பெயரில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர் பெயரில் ஒரு கல்லூரி!

நண்பர்களே, சலுகை என்று சொன்னால் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். வாங்குகிறவனும் தலையைக் குனிந்துகொள்கிறான். சலுகை யாரையும் படிக்க வைத்துவிடாது, கதவைத்தான் திறந்துவிடும். உள்ளே போன எவர்ஸ், வெளியே நின்றவர்களை மறக்கவில்லை. ஸ்காலர்ஷிப் பாரத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. அடுத்த வருடம் எங்கள் தெருவிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ இந்தப் பாலிடெக்னிக் வாசலுக்கு வந்தால், அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க நான் போவேன். நீங்களும் வாங்க!

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்