தையல் இயந்திரமும் ஐசக் சிங்கரும்

ஜார்ஜ்டவுனின் மார்க்கெட் தெரு, சூலியா தெருப் பக்கம் சிறு வயதில் நடந்து பழகியவர்களுக்கு, துணிக்கடை அஞ்சடியில் அமர்ந்து கடகடவென மிதித்துக்கொண்டிருந்த தையற்காரர்களை நினைவிருக்கும். அவர்கள் முன்னே இருந்த கறுப்பு இயந்திரங்களில் பொன்னிற எழுத்தில் ஒரு மனிதரின் குடும்பப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இயந்திரம் உண்டு. பாட்டி மாதத் தவணையில் வாங்கியது. ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்தே அவர் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

பாட்டி மறைந்த பிறகு ஒரு விடுமுறையில் நான் அதன் முன் உட்கார்ந்தேன். நான்கு அங்குலம் தைப்பதற்குள் துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொண்டது. அடியில் சிக்குவதால் குறை பாபினில்தான் என்று எண்ணி அதையே மூன்று முறை கழற்றி மாட்டினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, குறை மேல் நூலில் இருக்கிறது என்றார். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்த பிறகே நூல் கோக்க வேண்டுமாம். அப்போதுதான் இழுவிசைத் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே வாங்கும். அங்கிருந்து நூலை ஏறி இறங்கும் நெம்புகோலின் துளையில் நுழைத்து, கடைசியாக ஊசிக்குக் கொண்டுவர வேண்டும். ஊசியில் நீண்ட பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே காதில் கோக்க வேண்டும். நான் தட்டுகளைத் தாண்டிக் கோத்திருந்தேன். என் பிழை அதுதான்.

இதே பிழையோடுதான் ஐசக் மெரிட் சிங்கரின் புகழும் தொடங்கியது என்பதைப் பின்னர் படித்தபோது வியந்தேன்.

சிங்கர் 1811 அக்டோபர் 27ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறியவரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் வீட்டை விட்டு வெளியேறினார். பத்தொன்பதாம் வயதில் இயந்திரப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஆனால் மனம் முழுவதும் நாடகத்தில் இருந்தது. 1839இல் பாறை துளைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்று, அதை 2,000 டாலருக்கு விற்று, அப்பணத்தை நாடகக் குழுவில் செலவழித்துத் தீர்த்தார்.

1850இல் கையில் காசில்லாமல் பாஸ்டன் நகரில் ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே பழுது பார்க்க வந்த தையல் இயந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்தன. சிங்கர் அவற்றின் அமைப்பையே மாற்ற எண்ணினார். ஊசி நேர் செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும், துணி மேசைமேல் படுத்திருக்க வேண்டும், அதை ஒரு பாதம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பவை அவர் திட்டம். ஜார்ஜ் சீபர் என்ற நண்பர் 40 டாலர் தந்தார். பதினொரு நாள் இரவு பகலாக உழைத்து இயந்திரம் உருவானது. ஆனால் தையல் பிடிக்கவில்லை.

மனமுடைந்த இருவரும் நள்ளிரவில் விடுதிக்குத் திரும்பும் வழியில் பலகைக் குவியல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார்கள். நூல் சுருள்கள் எல்லாம் துணியின் மேற்பக்கத்திலேயே கிடந்ததைச் சீபர் குறிப்பிட்டார். ஊசி நூலின் இழுவிசையைச் சரிசெய்ய மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் சிங்கருக்கு உறைத்தது. பட்டறைக்குத் திரும்பித் திருகைச் சரிசெய்தார்கள். ஐந்து தையல் ஒழுங்காக விழுந்தது. பிறகு நூல் அறுந்தது. ஆனால் அந்த ஐந்து தையல் போதுமானதாக இருந்தது. 1851 ஆகஸ்டு 12இல் காப்புரிமை கிடைத்தது.

எனினும் தையல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சிங்கர் என்று சொல்வது தவறு. நுனியில் காது வைத்த ஊசியும் இரு நூல் பூட்டுத் தையலும் கொண்ட இயந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். வறுமையில் வாடிய ஹோவ் வழக்குத் தொடுத்தார். 1854இல் சிங்கர் தரப்பு 15,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. 1856இல் போட்டி நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டன. அதே ஆண்டில் சிங்கரின் கூட்டாளியான வழக்கறிஞர் எட்வர்ட் கிளார்க் தவணை முறை விற்பனையைத் தொடங்கினார். மொத்தப் பணம் இல்லாத குடும்பத்துக்கும் இயந்திரம் எட்டியது. பாட்டி கட்டிய தவணையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1924இல் காந்தியடிகள் இயந்திரங்கள் பற்றிப் பேசியபோது, சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி படும் பாட்டைக் கண்டு அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் கருத்து. இக்கேள்வியை அவரிடம் எழுப்பிய இளைஞர் ஜி. இராமச்சந்திரன். பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

ஆனால் உண்மை வேறு. சிங்கர் பணத்துக்காகவே உழைத்தார். பல பெண்களோடு குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தையானார். அந்த இரகசியம் 1860இல் வெளியாகவே அமெரிக்காவை விட்டு வெளியேறினார். இங்கிலாந்தின் பெயின்டன் ஊரில் மாளிகை கட்டத் தொடங்கி, அது முடியுமுன் 1875 ஜூலை 23இல் காலமானார். ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் டாலர் சொத்தை விட்டுச் சென்றார்.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாட்டி விளக்கு வைக்கும் நாளில் அந்த இயந்திரத்துக்கும் பொட்டு வைப்பார். பொட்டு வைக்கத் தகுந்தவரா இவர் என்று அம்மாவிடம் கேட்டேன். பாட்டி பொட்டு வைத்தது சோறு போட்ட இயந்திரத்துக்கு, அதைச் செய்தவருக்கு அல்ல என்று அம்மா சொன்னார். எனக்கு அது சரியென்றே பட்டது. சிங்கரின் திறமையை மதிக்கலாம். அவர் செய்யாத தியாகத்தை அவருக்குச் சூட்ட வேண்டியதில்லை. அன்பினால் தைத்தவர்கள் நம் வீடுகளில்தான் இருந்தார்கள்.

அன்று மாலை பாதத்தைத் தூக்கி வைத்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து நூல் கோத்தேன். ஒரு தலையணை உறை தைத்து முடித்தேன்.