அர்ச். சின்னப்பரின் ஆசிரியர் கமாலியேல்

ஞாயிறு பூசையில் அர்ச். சின்னப்பரின் நிருபங்கள் வாசிக்கப்படுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அவருக்கு வேதம் கற்பித்த ஆசிரியரை நினைப்பவர்களோ சிலரே. அவர் பெயர் கமாலியேல். அப்போஸ்தலர்கள் காலத்தில் யெருசலேமில் வாழ்ந்த பெரிய வேதபாரகர்.

அவர் ஹில்லேல் என்ற புகழ்பெற்ற சாஸ்திரியின் பேரன் என்று யூத பாரம்பரியம் கூறுகிறது. பரிசேயர், யூதரின் ஆலோசனைச் சங்கத்தில் அங்கத்தினர், ஜனங்கள் எல்லோராலும் மதிக்கப்பட்டவர். கணவன் இறந்ததற்கு ஒரே சாட்சி இருந்தாலும் போதும், அவன் மனைவி மறுமணம் செய்யலாம் என்று தீர்ப்பளித்துக் கதியற்ற பெண்களுக்கு இரக்கம் காட்டினார்.

அக்கால யூதர்களுக்கு ஆசிரியர் என்றால் கூலிக்குப் பாடம் சொல்பவர் அல்ல. தகப்பன் பிள்ளையை இவ்வுலகிற்குக் கொண்டுவருகிறான். ஆசிரியரோ அவனை மறுவுலக வாழ்வுக்கு நடத்துகிறார் என்பது அவர்கள் கருத்து. ஆகவே தகப்பனும் ஆசிரியரும் ஆளுக்கொரு பொருளைத் தொலைத்தால், ஆசிரியருடையதையே முதலில் தேட வேண்டும் என்று விதித்திருந்தார்கள். தகப்பனும் வேதம் கற்றவனாயிருந்தால் மட்டும் அவனுக்கே முதலிடம். மாணவர்கள் ஆசிரியரின் பாதத்தருகே அமர்ந்து, பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். அவர் ஜெபிப்பதையும், உண்பதையும், ஏழைகளிடம் பேசுவதையும் பார்த்தும் கற்பார்கள்.

கமாலியேல் மாணவர்களை நால்வகை மீன்களுக்கு ஒப்பிட்டாராம். எல்லாம் படித்தும் விளங்காதவன் ஒருவன். படித்து விளங்கிக்கொண்டவன் ஒருவன். கற்றும் பதில் சொல்லத் தெரியாதவன் ஒருவன். கற்றுப் பதிலும் சொல்ல வல்லவன் ஒருவன். இந்தக் கடைசி மாணவனைப் பெருங்கடல் மீன் என்றார். தார்சு நகரத்துச் சவுல் அப்படிப்பட்ட மாணவன் என்பதில் ஐயமில்லை.

ஒரு நாள் இராயப்பரும் மற்ற அப்போஸ்தலர்களும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். சங்கத்தார் அவர்களைக் கொல்லத் துடித்தார்கள். கமாலியேல் எழுந்து, அவர்களைச் சற்று வெளியே அனுப்பச் சொல்லி, நிதானமாகப் பேசினார். இது மனிதர் வேலையானால் தானே அழிந்துபோகும். சர்வேசுரனுடையதானால் ஒருவராலும் அழிக்க முடியாது. ஆகையால் இவர்களை விட்டுவிடுங்கள் என்பதே அவர் ஆலோசனை. அப்போஸ்தலர்கள் அடிபட்டார்கள், ஆனால் உயிர் தப்பினார்கள்.

மாணவனோ ஆசிரியரின் பொறுமையைக் கற்கவில்லை! அர்ச். முடியப்பர் கல்லெறியுண்டபோது, எறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவல் நின்றான். வீடு வீடாய்ப் புகுந்து விசுவாசிகளைச் சிறைக்கு இழுத்தான். தமாஸ்கு சாலையில் நம் ஆண்டவரே அவனைத் தடுத்தாட்கொண்டார்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின், யெருசலேமில் அவரைக் கொல்ல வந்த கூட்டத்தின் முன், கோட்டைப் படிகளில் நின்று சின்னப்பர் பேசினார். அப்போதும் தம் ஆசிரியரின் பெயரை அவர் மறைக்கவில்லை. கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவன் என்று பெருமையோடு அறிக்கையிட்டார்.

கமாலியேல் இறந்தபோது வேதத்தின் மகிமையே மறைந்ததென்று யூதர்கள் எழுதிவைத்தார்கள். அவர் ஞானஸ்நானம் பெற்றதாகப் பழைய கிறிஸ்தவ பாரம்பரியம் ஒன்று உண்டு. யூத நூல்களில் அதைப்பற்றி ஒன்றுமில்லை. அதைச் சர்வேசுரன் அறிவார்.

பெற்றோரே, ஆசிரியர்களே! நாம் சொல்லும் நல்ல வார்த்தையைப் பிள்ளை இன்று கேளாமற் போகலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். மனந்தளர வேண்டாம். கமாலியேல் கற்பித்த வேதமே பிற்காலத்தில் சின்னப்பரின் நிருபங்களில் சேசுநாதருக்குச் சாட்சியாயிற்று. விதைப்பது நம் கடமை. விளையச் செய்பவர் சர்வேசுரன். பிள்ளைகளே, உங்களுக்கு எழுத்தறிவித்தவர்களை இன்றிரவு குடும்ப ஜெபத்தில் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள்.