பந்தயக் கார் கட்டிய கரிவரதன்!

குட்டீஸ்... அடுத்த முறை பூந்தமல்லியிலோ, ஆவடியிலோ ஆட்டோவில் ஏறும்போது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். டிரைவருக்கு முன்னால் இருப்பது கைப்பிடியும், கண்ணாடியும்தான். அந்த, 'டப டப' சத்தம், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும். இன்ஜின் அங்கேதான் இருக்கிறது. பஜாஜ் ஆட்டோவின் பெயரில், 'ஆர்.இ.' என்று இரண்டு எழுத்துகள் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? ரியர் இன்ஜின், அதாவது பின்பக்க இன்ஜின் என்பதன் சுருக்கம் அது.

'டிவி'யில் பார்முலா 1 கார்கள் சீறிப் பாய்வதையும் பார்த்திருப்பீர்கள். அதிலும் இன்ஜின், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால்தான். நம்ம ஊர் ஆட்டோவுக்கும், பார்முலா 1 காருக்கும் இப்படி ஓர் ஒற்றுமை!

அந்த மாதிரி ஒரு பந்தயக் காரை, கடைத்தெருவுக்குப் போய் வரும் மாருதி 800 காரின் இன்ஜினை வைத்தே கட்டியவர் ஒருவர் தமிழகத்தில் இருந்தார். அவர் பெயர் சுந்தரம் கரிவரதன். ரேஸ் உலகில் எல்லாருக்கும் அவர், 'கரி'. அடுப்புக்கரி என்று நினைத்து விடாதீர்கள். இலக்கியத் தமிழில் கரி என்றால் யானை. முதலையின் வாயில் சிக்கிய யானைக்கு அருள் செய்த பெருமாளின் பெயர்தான், கரிவரதன்.

கரிவரதன் 1954ம் ஆண்டு பிறந்தார். அவருடைய குடும்பம், கோவையில் லட்சுமி மில்லை நடத்திய குடும்பம். குப்புசாமி நாயுடு 1910ல் தொடங்கிய ஆலை அது. கோவைக்குப் போனால், 'லட்சுமி மில்ஸ்' என்ற பஸ் நிறுத்தத்தைப் பார்க்கலாம். அந்த ஆலையின் பெயர்தான்.

பணக்கார வீட்டுப் பிள்ளை, அதனால் கார் ரேஸ் ஓட்டினார் என்று நினைப்பீர்கள். அது உண்மைதான். அந்தக் காலத்தில் பணம் இல்லாதவர்கள் ரேஸ் காரைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. ஆனால், கரியின் கதை அதோடு முடிந்திருந்தால், அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அவர் வளர்ந்த ஊரையும் கொஞ்சம் பாருங்கள். கோவையில் நூற்பு ஆலைகள் மட்டுமா? மோட்டார் பம்பு, கிரைண்டர், நூல் நூற்கும் இயந்திரம் என்று எல்லாம் அங்கே தயாராகும். தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிகள். இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்தால், கப்பலில் வரட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதே மாதிரி ஒன்றைக் கடைந்து எடுத்து விடுவார்கள். இந்தப் பழக்கம், கரிக்குப் பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது.

அப்போது தமிழகத்தில் கார் ரேஸ் என்றாலே, சோழவரம்தான். சென்னையில் இருந்து செங்குன்றம் வழியாகப் போனால் வரும் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது, போர் விமானங்கள் இறங்குவதற்காக அங்கே ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்தது; விமானங்கள் போய் விட்டன; நீளமான, தட்டையான பாதை மட்டும் மிஞ்சியது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த இடத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. அம்பத்தூர், ஆவடி, செங்குன்றம் என்று சுற்று வட்டாரமே திரண்டு வரும். பைக் பந்தயமும் உண்டு. கார் பந்தயமும் உண்டு.

என்னென்ன கார்கள் ஓடின தெரியுமா? அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு! ஆமாம், தாத்தா காலத்துக் கார்களேதான். அன்று இந்தியாவில் தயாரான கார்கள் பெரும்பாலும் அவ்வளவுதான். இன்ஜினைப் பிரித்து, தேய்த்து, கூடுதல் வேகம் வரவழைத்து ஓட்டினார்கள். வசதி படைத்த சிலர், வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டு வந்தனர். 1980களின் தொடக்கத்தில், தொழிலதிபர் விஜய் மல்லையா, 'என்சைன்' என்ற பார்முலா 1 காரையே சோழவரத்தில் ஓட்டினார்.

ஒரு பக்கம் பழைய பியட்; இன்னொரு பக்கம் பார்முலா 1 கார். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. கோட்டில் பாதுகாப்பாக நிற்கும் கூட்டத்தில், நன்றாக ஓட்டக்கூடிய ஒரு பையன் இருந்தாலும், அவன் எந்தக் காரில் பழகுவான்?

சோழவரத்தில் போட்டியிட்ட கரிவரதன், தன் கார்களைத் தானே வடிவமைக்கத் தொடங்கினார். ஓட்டுபவர் ஒருவர், மெக்கானிக் இன்னொருவர் என்பதுதான் பொதுவான வழக்கம். கரி இரண்டாகவும் இருந்தார்.

கரியின் காரைப் பார்ப்பதற்கு முன், இன்ஜின் ஏன் பின்னால் போனது என்பதைத் தெரிந்து கொள்வோமா?

முன்பெல்லாம் பெரும்பாலான பந்தயக் கார்களில் இன்ஜின் முன்னால்தான் இருந்தது; மாட்டு வண்டியில் மாடு முன்னால் இருப்பது போல. அங்கே இருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டு போக, காரின் நடுவே நீளமான தண்டு ஒன்று ஓடும். அதற்கு மேல்தான் டிரைவர் உட்கார வேண்டும். உயரமாக உட்கார்ந்தால் காற்று தடுக்கும். இன்ஜினைப் பின்னால் வைத்து விட்டால் அந்தத் தண்டு தேவையில்லை. டிரைவர் கிட்டத்தட்டப் படுத்துக் கொண்டே ஓட்டலாம். தள்ளுகிற சக்கரங்களின் மேல் எடை அழுத்துவதால், டயர் தரையை நன்றாகப் பற்றும். 1930களிலேயே, பெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளர் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கம்பெனிக்கு அப்படி ஒரு காரை வடிவமைத்தார். 16 சிலிண்டர்கள்!

ஆனால், உலகை மாற்றியது அந்தப் பெரிய கார் இல்லை. இங்கிலாந்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கூப்பர் குடும்பம், 1946ல், மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் போட்டு ஒரு குட்டிக் கார் செய்தது. பைக் இன்ஜின், செயின் மூலம் சக்கரத்தைச் சுற்றும். எனவே, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் சுலபம்; செலவும் குறைவு. அந்தக் கார் மலிவாக இருந்ததால் இளைஞர்கள் பலர் வாங்கினர். அதில் ஒருவர், ஸ்டிர்லிங் மாஸ். 1958ல், அர்ஜென்டினாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில், அவரே கூப்பர் காரில் முதலாவதாக வந்தார். பின்பக்க இன்ஜின் கார், அந்தச் சாம்பியன்ஷிப்பில் வென்றது அதுதான் முதல் முறை. 1959, 1960 என இரண்டு ஆண்டுகள், கூப்பர் காரில் ஜாக் பிரபாம் உலக சாம்பியன் ஆனார். அதன்பின் முன்பக்க இன்ஜினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை வைத்துக் கொண்டு திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? வால் பக்கம் தனியாக இழுத்துக் கொண்டு போகும். புகழ்பெற்ற, 'போர்ஷே 911' காரில், இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக் கொண்டிருக்கும். வளைவின் நடுவில் பயந்து போய் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், வால் சுழன்று விடும். 1960களின் அந்த 911 கார்களுக்கென்றே, வெளிநாடுகளில் இன்றும் தனிப் பந்தயங்கள் நடக்கின்றன. அதற்கு ஒரு கண்டிப்பான விதி: கார் அந்தக் காலத்தில் எப்படி ஓடியதோ, அப்படியே இருக்க வேண்டும். புதுக்கால கம்ப்யூட்டர் கருவிகளை உள்ளே நுழைக்கக் கூடாது. பார்முலா கார்களில் இந்த வால் பிரச்னை குறைவு. இன்ஜின், டிரைவருக்குப் பின்னாலும், பின் அச்சுக்கு முன்னாலும் அடங்கி விடும்.

சரி, கோவைக்கு வருவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 கார் வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், சின்ன இன்ஜின். அம்பாசிடர், பியட் கார்களைப் போல் இல்லாமல், இதில் இன்ஜினும் கியர் பாக்சும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொண்டு, முன்சக்கரங்களைச் சுற்றும். நடுவில் நீளத் தண்டு கிடையாது. மற்றவர்கள் இதில் ஒரு குடும்பக் காரைப் பார்த்தார்கள். கரியின் கண்ணுக்கோ, அப்படியே தூக்கி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைக்கக் கூடிய ஒரு பொட்டலம் தெரிந்தது!

1980களின் பிற்பகுதியில், அவர் வடிவமைத்த ஒற்றை இருக்கைக் கார் தயாரானது. இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்த சட்டம். மேலே பைபர் உடல். பின்னால் மாருதி இன்ஜின். மூடாத நான்கு சக்கரங்கள். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர் நிலைத்தது.

பார்முலா 1 காரோடு ஒப்பிட்டால், இது பூனைக்குட்டிதான். ஆனால், இதன் அழகே அதில்தான் இருக்கிறது. இன்ஜின் கோளாறு செய்தால், தெருமுனை மாருதி மெக்கானிக்கே சரி செய்து விடுவார். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், பந்தயத்தில் ஓடும் கார்கள் எல்லாம் ஒரே மாதிரி. அப்பாவிடம் அதிகப் பணம் இருப்பவருக்கு அதிக வேகமான கார் என்ற பேச்சே கிடையாது. யார் நன்றாக ஓட்டுகிறாரோ, அவருக்குத்தான் கோப்பை. ரேஸ் என்பது அப்போதும் செலவு மிகுந்த விளையாட்டுதான். ஆனால், பூட்டியிருந்த கதவு கொஞ்சம் திறந்தது.

நல்ல சமயத்தில் புது மைதானமும் கிடைத்தது. விமான ஓடுதளத்தை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் வருவது இருங்காட்டுக்கோட்டை. கார் தொழிற்சாலை இருக்கிறதே, அதே ஊர்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே, பந்தயத்துக்கென்றே ஒரு பாதை அமைத்தது. 1990ல் திறக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 3.7 கி.மீ.; 12 வளைவுகள். (வேடிக்கை என்னவென்றால், பழைய பந்தய இடத்துக்குப் பக்கத்திலும் ஏரி, புதியதற்குப் பக்கத்திலும் ஏரி. இரண்டுமே சென்னைக்குக் குடிநீர் தருபவை!)

இருங்காட்டுக்கோட்டையில் பார்முலா மாருதி கார்கள் ஓடத் தொடங்கின. அங்கே தன் முதல் பந்தயத்தை ஓட்ட, கோவையில் இருந்து ஒரு பையன் வந்தான். அவனுடைய அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தென்னிந்திய ராலியில் பல முறை வென்றவர். பையன், முதல் பந்தயத்திலேயே பரிசு மேடையில் ஏறி விட்டான். 1992ல் பிரான்ஸ் நாட்டுக்குப் போய், வின்பீல்டு ரேஸ் பள்ளியில் பயிற்சி பெற்றான். அவன் பெயரைச் சொல்ல வேண்டுமா? நரேன் கார்த்திகேயன்.

கரிவரதனுக்கு வேகத்தைப் போலவே, வானமும் பிடிக்கும். விமானம் ஓட்டுவார். 1995 ஆகஸ்டில், ஒரு விமான விபத்தில் அவர் இறந்து போனார். வயது 41. ரேஸ் பாதையில் அத்தனை வளைவுகளைப் பத்திரமாகக் கடந்தவர்!

நரேன் பெரிய ஆளாவதை அவர் பார்க்கவில்லை. கரி இறந்த அடுத்த ஆண்டே, நரேன் பார்முலா ஆசியா சாம்பியன் ஆனார். 2005ல், ஜோர்டான் அணியின் காரில், ஆஸ்திரேலியாவில் பார்முலா 1 பந்தயம் ஓட்டினார். பார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் அவர். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும், 2000ம் ஆண்டு பார்முலா மாருதி போட்டிகளில் சாம்பியன் ஆகி, 2010ல் பார்முலா 1க்குப் போனார். இதுவரை அந்தப் பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள், இந்த இரண்டு பேர் மட்டுமே. இரண்டு பேருமே, மாருதி இன்ஜின் முதுகுக்குப் பின்னால் உறும, ரேஸ் படித்தவர்கள்!

கரியின் நண்பர்கள் அவரை மறக்கவில்லை. கோவைக்கு அருகில் செட்டிபாளையத்தில், 2003ல் ஒரு பந்தயப் பாதை திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அதற்குப் பெயர்.

தேசியப் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன. அதைவிட, எனக்குப் பிடித்தது இன்னொன்று. சமீப ஆண்டுகளில், 'பார்முலா பாரத்' என்ற போட்டிக்காக, நாடு முழுவதிலும் இருந்து பொறியியல் கல்லூரி மாணவர்கள் அந்தப் பாதைக்கு வருகின்றனர். அவர்கள் ஓட்டுவது கடையில் வாங்கிய கார் இல்லை; தாங்களே வரைந்து, வெல்டிங் செய்து, கட்டிய ஒற்றை இருக்கைக் கார்கள். சிலவற்றில் பேட்டரியும் மோட்டாரும். மற்றவற்றில் பைக் இன்ஜின், டிரைவரின் முதுகுக்குப் பின்னால். சோதனை அதிகாரிகள் வருவதற்குள் கடைசி நட்டை முடுக்கி விட வேண்டும் என்று, கையெல்லாம் கிரீசோடு காருக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார்கள்.